இரகசியத்திற்குக் காவல் தந்த கேள்வி: ஜான் ஸ்டுவர்ட் பெல்

அறிவியல் அறிஞர்களின் பெயர்களைச் சொல்லச் சொன்னால் நம்மில் பலர் நியூட்டன், ஐன்ஸ்டைன், சர் சி. வி. இராமன் என்று அடுக்குவோம். ஜான் ஸ்டுவர்ட் பெல் என்ற பெயர் அந்த வரிசையில் வருவது அரிது. ஆனால், இயற்பியல் பயில்வோர் அவருடைய பெயரைக் கேட்காமல் பட்டம் பெறுவது கடினம். 1964-ஆம் ஆண்டில் அவர் எழுதி வெளியிட்ட ஆறு பக்கக் கட்டுரை, இயற்கையைப் பற்றி மனிதன் கொண்டிருந்த பழைய நம்பிக்கை ஒன்றை அசைத்துப் பார்த்தது. இன்று இரகசியச் செய்திகளைக் காப்பதற்கு உலக நாடுகள் போட்டி போட்டுக்கொண்டு வளர்த்து வரும் குவாண்டம் சாவிப் பகிர்வு எனும் தொழில்நுட்பத்தின் ஆணிவேர்களில் ஒன்று அந்த ஆறு பக்கங்களில்தான் இருக்கிறது.

பெல்லின் தேற்றத்தை நான் விரிவுரை மண்டபத்தில் கேட்டேன். அவருடைய வாழ்க்கையை நூலகத்தில்தான் அறிந்துகொண்டேன். தேற்றம் புரிவதற்குப் பல வாரங்கள் ஆயின. வாழ்க்கை முதல் நாளிலேயே மனத்தில் பதிந்துவிட்டது. அதற்கான காரணத்தை இக்கட்டுரையைப் படிக்கும் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் எளிதில் உணர்வார்கள்.

நால்வரில் ஒருவர்

ஜான் ஸ்டுவர்ட் பெல் 1928-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். தந்தையின் பெயரும் ஜான் என்பதால் வீட்டில் அவரை ஸ்டுவர்ட் என்றே அழைத்தனர். வசதியில்லாத உழைப்பாளிக் குடும்பம் அது. தந்தை வழியினர் குதிரை வணிகம் செய்தவர்கள். தாயார் ஆனிக்கு மட்டும் ஓர் உறுதி இருந்தது. கல்வி ஒன்றே பிள்ளைகளுக்கு நல்ல வாழ்வைத் தரும் என்பது அவருடைய நம்பிக்கை.

நம்பிக்கை இருந்தாலும் பணம் இல்லை. அக்காலத்தில் அங்கே இடைநிலைக் கல்விக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். நான்கு பிள்ளைகளில் நூலகத்தையே வீடாகக் கொண்டிருந்த ஸ்டுவர்ட்டுக்கு மட்டும் உயர்நிலைப் பள்ளியில் தொடரும் வாய்ப்புக் கிட்டியது. ஏனைய மூவரும் பதினான்கு வயதையொட்டிப் பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றனர். ஆயினும் அவருடைய தம்பி டேவிட் பகலில் வேலை செய்து, இரவில் படித்து, பின்னாளில் கனடாவில் மின்பொறியியல் விரிவுரையாளராகிப் பாடநூல்கள் எழுதினார்.

இந்தப் பகுதியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் அக்கா படிவம் ஐந்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டு தொழிற்சாலை வேலைக்குப் போனவர். அவருடைய முதல் சம்பளத்தில்தான் எனக்குக் கணிதப் பயிற்சி நூல்கள் வந்தன. ஒருவர் மேலே படிக்க வீட்டில் இன்னொருவர் படிப்பை விடுவது பெல்ஃபாஸ்டில் மட்டும் நடந்த கதை அன்று.

பதினாறு வயதில் பெல் பள்ளிப் படிப்பை முடித்தார். பல்கலைக்கழகத்தில் சேர வயது போதவில்லை. கையில் பணமும் இல்லை. எனவே, 1944-இல் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையிலேயே ஆய்வுக்கூட உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். மாணவர்களின் சோதனைகளுக்குக் கம்பிகளையும் கருவிகளையும் ஆயத்தப்படுத்தி வைப்பது அவருடைய பணி. அங்கிருந்த பேராசிரியர் கார்ல் எமிலியஸும் விரிவுரையாளர் ராபர்ட் ஸ்லோனும் அந்தப் பையனின் ஆர்வத்தைக் கண்டு நூல்களைக் கொடுத்தனர். முதலாமாண்டு விரிவுரைகளில் அமர்ந்து கேட்கவும் அனுமதித்தனர். ஓராண்டுச் சேமிப்போடும் பெற்றோரின் உதவியோடும் 1945-இல் அதே துறையில் மாணவராகச் சேர்ந்தார். 1948-இல் சோதனை இயற்பியலிலும் 1949-இல் கணித இயற்பியலிலும் பட்டம் பெற்றார்.

முதலில் கருவிகளைத் தொட்டுவிட்டுப் பிறகு கோட்பாட்டுக்குப் போனவர் அவர். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முடுக்கிப் பொறியாளர்

பட்டம் பெற்ற கையோடு பெல் பிரிட்டனின் அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். துகள் முடுக்கிகளை வடிவமைப்பது அவருடைய பணியாயிற்று. மின்னூட்டம் பெற்ற துகள்களை மிகுந்த வேகத்தில் ஓட்டி, பாதை விலகாமல் காந்தங்களால் கட்டிக் காக்கும் இயந்திரங்கள் அவை. அதே துறையில் பணியாற்றிய ஸ்காட்லாந்துப் பெண்மணி மேரி ராஸ் அவருக்கு அறிமுகமானார். 1954-இல் இருவரும் மணந்துகொண்டனர். வாழ்நாள் முழுவதும் இருவரும் ஒரே துறையில் தோழமையோடு உழைத்தனர்.

1960-இல் இருவரும் நிரந்தர வேலையை விட்டுவிட்டு ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்திற்குச் சென்றனர். பெல் தம் இறுதிக்காலம் வரை அங்கேயே பணியாற்றினார். துகள் இயற்பியலில் அவர் செய்த பணிகளே ஒருவருக்குப் பெரும்புகழ் தரப் போதுமானவை. 1969-இல் ரோமன் ஜாக்கீவுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, பையான் எனும் துகள் இரண்டு ஒளித்துகள்களாகச் சிதையும் விதத்தை விளக்க உதவியது.

ஆனால், அவர் மனத்தை மாணவப் பருவத்திலிருந்தே அரித்துக்கொண்டிருந்தது வேறொரு கேள்வி. சம்பளம் வாங்கிய வேலைக்கும் அக்கேள்விக்கும் தொடர்பில்லை. ஓய்வு நேரத்தில்தான் அதை அவர் எடுத்து வைத்துக்கொள்வார்.

எவரும் கேட்கத் துணியாத கேள்வி

குவாண்டம் இயற்பியல் ஒரு துகளை அளந்தால் என்னென்ன விடைகள் எத்தனை வாய்ப்போடு வரும் என்பதைச் சொல்லும். அளப்பதற்கு முன் அந்தத் துகள் எந்நிலையில் இருந்தது என்று கேட்டால் அக்கேள்விக்குப் பொருளில்லை என்பதே அக்காலத்துப் பெரியோரின் விடை. ஐன்ஸ்டைன் இதை ஏற்கவில்லை. 1935-இல் அவரும் பொடொல்ஸ்கி, ரோசன் ஆகிய இருவரும் சேர்ந்து ஒரு வாதத்தை முன்வைத்தனர். பிணைந்த இரு துகள்கள் வெகு தொலைவில் இருந்தும் ஒத்த விடைகளைத் தருகின்றன என்றால், அவ்விடைகள் முன்கூட்டியே துகள்களுக்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றார்கள்.

இதற்கு எதிராக ஒரு தடை இருந்தது. கணித மேதை ஜான் வான் நியூமன் 1932-இல் வெளியிட்ட நூலில், அப்படி மறைந்திருக்கும் விவரங்கள் இருக்கவே முடியாது என்று நிறுவியதாக எல்லோரும் நம்பினர். 1952-இல் டேவிட் போம் அத்தகைய மறைவான விவரங்களைக் கொண்ட ஒரு கோட்பாட்டையே அமைத்துக் காட்டினார். இயலாது என்று நிறுவப்பட்ட ஒன்று கண்முன்னே நிற்கிறதே! பெல் வியந்தார். வான் நியூமனின் நூல் ஜெர்மன் மொழியில் இருந்தது. பெல்லுக்கோ ஜெர்மன் தெரியாது. சக ஊழியர் ஒருவர் உள்ளடக்கத்தை விளக்கிச் சொல்ல, வாதத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று உணர்ந்தார். ஆனால், அதை எழுதி முடிக்க அவருக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயின.

1963-ஆம் ஆண்டின் இறுதியில் விடுப்பு எடுத்து அமெரிக்கா சென்றபோதுதான் அவருக்கு நேரம் கிடைத்தது. இரண்டு கட்டுரைகளை எழுதினார். வான் நியூமனின் குறையைக் காட்டிய கட்டுரை, இதழ் அலுவலகத்தில் கோப்புகளுக்கிடையே தவறி, 1966-இல்தான் வெளிவந்தது. இரண்டாவது கட்டுரையைப் புதிதாகத் தொடங்கப்பட்ட ஒரு சிறு இதழுக்கு அனுப்பினார். பெரிய இதழில் போட்டால் பக்கத்திற்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. விருந்தினராக வந்த இடத்தில் அந்தச் செலவைக் கேட்க அவர் கூச்சப்பட்டார். உலகை மாற்றிய அக்கட்டுரை 1964-இல் அந்தச் சிறு இதழில் வெளிவந்தது. சில ஆண்டுகளில் அந்த இதழே நின்று போனது.

தேர்வு மண்டபத்தில் அண்ணனும் தங்கையும்

பெல் என்னதான் கண்டுபிடித்தார்? தேர்வு எழுதிப் பழகிய நமக்கு ஏற்ற ஓர் உவமையால் சொல்கிறேன்.

அண்ணனும் தங்கையும் தனித்தனி மண்டபங்களில் அமர்ந்திருக்கிறார்கள். இருவரும் பேசிக்கொள்ள வழியில்லை. ஒவ்வொருவருக்கும் முதல் கேள்வி அல்லது இரண்டாம் கேள்வி தரப்படும். ஆம் அல்லது இல்லை என்று விடையளிக்க வேண்டும். விதி இதுதான்: இருவருக்குமே இரண்டாம் கேள்வி வந்தால் விடைகள் மாறுபட வேண்டும், மற்ற மூன்று சூழல்களிலும் விடைகள் ஒத்திருக்க வேண்டும். மண்டபத்திற்குள் நுழையும் முன் அவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டமிடலாம்.

நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். எந்தத் திட்டத்தோடு போனாலும் நான்கு சூழல்களில் மூன்றில்தான் வெல்ல முடியும். அதாவது, நூற்றுக்கு 75. இதுதான் பெல் சமனின்மையின் சாரம். பிணைந்த துகள்களை வைத்து விடையளித்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 85 வரை வெல்லலாம் என்று குவாண்டம் கணக்குக் கூறுகிறது. எனவே, விடைகள் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன, ஒரு மண்டபத்துச் செய்தி மற்றதை எட்டவில்லை என்ற இரண்டையும் ஒருசேர நம்ப முடியாது. தத்துவம் பேசிக்கொண்டிருந்த ஒரு கேள்வியைப் பெல் அளவுகோல் வைத்து அளக்கும் கேள்வியாக மாற்றிவிட்டார்.

ஐந்தாண்டுகள் அக்கட்டுரையைக் கவனிப்பார் இல்லை. 1969-இல் அமெரிக்காவிலிருந்து ஜான் கிளாசர் என்ற இளைஞர் கடிதம் எழுதினார். 1972-இல் கிளாசரும் ஸ்டுவர்ட் ஃப்ரீட்மனும் பெர்க்லியில் சோதனை செய்து காட்டினர். 1975-இல் அலேன் ஆஸ்பே என்ற பிரெஞ்சு இளைஞர் இன்னும் கடுமையான சோதனைத் திட்டத்தோடு பெல்லைக் காண வந்தார். பெல் அவரிடம் முதலில் விசாரித்தது நிரந்தர வேலை இருக்கிறதா என்பதைத்தான். இத்தகைய கேள்விகளில் இறங்கும் இளைஞர்களின் எதிர்காலம் பாழாகிவிடும் நிலை அன்று இருந்தது. தாம் ஓய்வு நேரத்தில் கேட்ட கேள்விக்காக இன்னொருவர் பிழைப்பை இழக்கக் கூடாது என்ற அக்கறை அவருக்கு இருந்தது. 1982-இல் ஆஸ்பேயின் சோதனை வென்றது.

கேள்வி சாவியானது

1990-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் பெல் ஜெனீவாவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 62. அவருடைய தேற்றம் மக்களுக்குப் பயன்படும் பொருளாவதை அவர் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டே ஆர்தர் எகர்ட் என்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு மாணவர் ஒரு கருத்தை வெளியிட்டார். நம் அண்ணனும் தங்கையும் 75-ஐத் தாண்டி வென்றால், அவர்களுடைய விடைகள் முன்பே எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை என்று பொருள். எங்கும் எழுதப்படாததை எந்தத் திருடன் படியெடுக்க முடியும்? மதிப்பெண் 85-ஐ நெருங்க நெருங்க, ஒட்டுக்கேட்பவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லாமல் போகும். அந்த விடைகளையே இரகசியச் சாவியாகக் கொள்ளலாம் என்றார் எகர்ட். பென்னெட், பிரசார் ஆகிய இருவரும் 1984-இல் வேறொரு வழியில் குவாண்டம் சாவியை அமைத்திருந்தனர். எகர்ட்டின் வழியில் காவலாக நின்றது பெல்லின் தேற்றம். இதே எகர்ட்தான் 2007-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அமைந்த குவாண்டம் தொழில்நுட்ப மையத்தின் முதல் இயக்குநர் ஆனார்.

ஏட்டில் இருப்பதும் கருவியில் இருப்பதும்

ஏட்டில் எல்லாம் சரி. நடைமுறையில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒளியிழையில் 100 கிலோமீட்டர் செல்லும்போது நூறு ஒளித்துகள்களில் ஒன்றுதான் மறுமுனையை அடைகிறது. 200 கிலோமீட்டரில் பத்தாயிரத்தில் ஒன்று. 500 கிலோமீட்டரில், வினாடிக்கு நூறு கோடி ஒளித்துகள்களை அனுப்பினாலும் பத்து வினாடிக்கு ஒன்று வந்து சேரும். சாதாரணத் தொலைத்தொடர்பில் இடையிடையே ஒளியைப் பெருக்கிக்கொள்ளலாம். குவாண்டம் நிலையைப் படியெடுக்க இயலாது என்பதால் இங்கே அதற்கு வழியில்லை. 2020-இல் சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோள் பிணைந்த ஒளித்துகள்களை 1,120 கிலோமீட்டர் இடைவெளியில் இரு நிலையங்களுக்கு அனுப்பிச் சாவி அமைத்தது. வேகம் வினாடிக்கு 0.12 பிட். 128 பிட் கொண்ட ஒரு சாவிக்கு ஏறத்தாழ 18 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும்!

தொலைந்துபோகும் ஒளித்துகள்கள் வேகத்தை மட்டும் குறைப்பதில்லை, காவலையும் உடைக்கின்றன. தேர்வு உவமைக்கே திரும்புவோம். பிடிக்காத கேள்வி வரும்போதெல்லாம் தங்கை விடையளிக்காமல் இருந்துவிட்டு, விடையளித்த கேள்விகளுக்கு மட்டும் மதிப்பெண் கணக்கிட்டால், 75-ஐத் தாண்டுவது பெரிய காரியமா? இதனைக் கண்டறிதல் ஓட்டை என்பார்கள். வழக்கமான பிணைவு நிலையில், நூற்றுக்கு ஏறத்தாழ 83 துகள்களையாவது கருவி பிடித்தால்தான் அந்த ஓட்டை அடைபடும்.

பெல் இந்த ஓட்டையை அறிந்திருந்தும் அதிகம் கவலைப்படவில்லை. குறைபட்ட கருவிகளிலேயே இவ்வளவு நன்றாகப் பொருந்தும் கோட்பாடு, நல்ல கருவி வந்ததும் பொய்த்துவிடும் என்று அவரால் நம்ப முடியவில்லை. இயற்கையைப் பொறுத்தவரை அது நியாயமே. இயற்கை நம்மை ஏமாற்றத் திட்டமிடுவதில்லை. திருடன் திட்டமிடுவான். தேற்றம் சாவியாக மாறியபோது அந்த வேறுபாடு பெரிதாயிற்று.

அது கற்பனை அச்சமன்று என்பது 2011-இல் சிங்கப்பூரிலேயே தெளிவாயிற்று. தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கிய ஒரு சாவிப் பகிர்வுத் தடத்தில், ஆய்வாளர்கள் தாங்களே ஒட்டுக்கேட்பவராகி, வலுவான ஒளியைப் பாய்ச்சி உணர்கருவிகளைக் குருடாக்கினர். பிறகு, அக்கருவிகள் எதைச் சொல்ல வேண்டுமோ அதைச் சொல்ல வைத்தனர். முழுச் சாவியும் திருடப்பட்டது. எந்த எச்சரிக்கையும் எழவில்லை. பெல் சோதனையின் வெற்றியைக்கூட இதே தந்திரத்தால் போலியாகக் காட்ட முடியும் என்பதையும் அவ்வாண்டே நிறுவினர். இயற்பியல் விதி உடையவில்லை. அதை நிறைவேற்றும் பெட்டி ஏமாந்தது.

அதன்பின் இத்துறையின் கவனம் கருவிகளின் பக்கம் திரும்பியது. உணர்கருவிகளை நம்பத் தேவையில்லாத சாவிப் பகிர்வு முறை 2012-இல் முன்வைக்கப்பட்டது. மிகுகடத்தி நுண்கம்பி உணர்கருவிகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒளித்துகள்களைப் பிடிக்கின்றன. 2018-இல் அறிமுகமான இரட்டைப்புல முறையில், இரு முனைகளிலிருந்தும் ஒளி நடுவில் வந்து சந்திப்பதால் இழப்பின் சுமை குறைந்தது. அவ்வழியில் 2023-இல் ஒளியிழையில் 1,002 கிலோமீட்டர் எட்டப்பட்டது.

பெல்லின் நேர்வழியும் தளரவில்லை. 2015-இல் டெல்ஃப்ட், வியன்னா, போல்டர் ஆகிய மூன்று இடங்களில் முக்கிய ஓட்டைகளை ஒருசேர அடைத்த சோதனைகள் நடந்தன. 2022-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், இரண்டு மீட்டர் இடைவெளியில் பிணைத்த அயனிகளைக் கொண்டு, கருவியின் உள்ளே என்ன இருக்கிறது என்றே நம்பத் தேவையில்லாமல், பெல் சோதனையின் மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் சாவி அமைத்தனர். எட்டு மணி நேரத்தில் 95,628 பிட்டுகள். கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்தை முழுமையாக மறைக்கக்கூட அது போதாது. ஆனால், பெட்டியைச் செய்தவனே திருடனாக இருந்தாலும் காட்டிக்கொடுக்கும் சாவி அது. இந்தத் தரத்தை நகரத்திற்கு நகரம் கொண்டு செல்வதுதான் இனி வரும் தலைமுறையின் வேலை.

பெயர் நிலைத்த தெரு

2022-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு ஆஸ்பே, கிளாசர், அன்டன் சைலிங்கர் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. பெல் சமனின்மையைச் சோதித்ததும் அதன் பயனை விரித்ததும் அவர்கள் செய்த பணி. மறைந்தவர்களை அப்பரிசுக்குத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதால் பெல்லின் பெயர் அப்பட்டியலில் இல்லை. பெல்ஃபாஸ்ட் நகரத்திலோ மனிதர்களின் பெயரைத் தெருவுக்குச் சூட்டுவதைத் தவிர்த்து வந்தனர். ஆகவே, தேற்றத்தின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். இன்று அந்நகரில் பெல் தேற்றத் தெரு இருக்கிறது.

கம்பிகளை அடுக்கி வைத்த பதினாறு வயதுப் பையனாகவே பெல்லை நான் நினைத்துப் பார்க்கிறேன். பெரியோர் நிறுவிவிட்டார்கள் என்று எல்லோரும் ஒதுங்கிப் போனபோது, எங்கே நிறுவினார்கள், காட்டுங்கள் என்று கேட்டவர் அவர். தமிழ்ப்பள்ளியில் படித்து, தேசியப் பள்ளிக்குப் போய், பின்வரிசையில் கை தூக்கத் தயங்கி உட்கார்ந்திருந்த என்னைப் போன்றோருக்கு அவருடைய தேற்றத்திற்கு இணையான பாடம் அந்தத் துணிவுதான். அடுத்த விரிவுரையில் புரியாத இடம் வந்தால் கையைத் தூக்குங்கள், நண்பர்களே. உங்கள் கேள்விக்கு விடை கிடைக்க முப்பது ஆண்டுகள் ஆகலாம். ஆகட்டும், கேட்டு வையுங்கள்.